மோட்டார் ரூம் சுவரில் வந்த பொம்பளைகள்

அம்சவள்ளிக்குப் பதில் பேசத் தெரியாது என்று கிழக்குத் தெருவில் ஒரு பேர் உண்டு. தெரியாமல் இல்லை, லேட்டாக வரும். காலையில் பைப்படியில் ஜெயசுதா ஒரு வார்த்தை விட்டால், அதற்குச் சரியான பதில், எலும்பு வரைக்கும் போய் உறைக்கிற பதில், அம்சவள்ளிக்கு மத்தியானம் புளி கரைக்கும்போதுதான் வரும். அப்போது எதிரே ஜெயசுதா இருக்க மாட்டாள். புளித்தண்ணிதான் இருக்கும். அதனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

பைப்படி என்பது பஞ்சாயத்து மோட்டார் ரூமை ஒட்டிய இடம். கச்சிராயபாளையத்திலிருந்து வரும் டவுன் பஸ் திரும்புகிற முனையில் இருக்கிறது. போன தீபாவளிக்கு முன்னால் அதற்குப் பெயின்ட் அடித்தார்கள். மஞ்சள் அடிப்பதாகத்தான் பேச்சு. எங்கே மீந்ததோ, செங்கல் நிறத்தில் நாலு டின் வந்து இறங்கியது. முன்பக்கம் குழாய்கள். வரிசை நீண்டால் குடங்கள் மூலை திரும்பிப் பக்கவாட்டுச் சுவரோரம் நிற்கும். அந்தப் பக்கம் ஆளுயரத்துக்கு மேல் கரும்பு. தண்ணி வராத மத்தியான நேரத்தில் அங்கே ஒருத்தர் நின்றால் ரோட்டில் போகிறவனுக்குத் தெரியாது. தெருவே சீரியல் பார்க்கும் நேரம் வேறு.

கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் காலை, அந்தச் சுவரில் ஒரு பொம்பளை வந்திருந்தாள்.

முழுக்கக் கறுப்பு. முழங்கை நீளம் இருப்பாள். வானத்தில் என்னவோ அதிசயம் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டே, காலால் மட்டும் அடுத்தவள் குடத்தை வரிசையிலிருந்து தள்ளுகிறாள். கறுப்பின் மேல் மெல்லிசாகக் கீறிக் கண், மூக்குத்தி, புடவைக் கரை, காது. கீறின இடமெல்லாம் அடியிலிருந்த செங்கல் நிறம் எட்டிப் பார்த்தது.

"யாருடி இவ? மூக்கப் பாத்தா நம்ம ஜெயசுதா மாரி கீது" என்றாள் சின்னப்பொண்ணு. அவளுக்கு வரிசையில் எப்போதும் மூன்றாவது இடம். எப்படிப் பிடிக்கிறாள் என்பது இன்றுவரை தெரியாது.

"எனுக்கு இன்னா அவ்ளோ பெரிய மூக்கா? நல்லாப் பாரு, நீதான் அது" என்றாள் ஜெயசுதா. சொல்லிவிட்டு எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் தன்னைத்தான் வரைந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே.

வரிசையின் கடைசியில் அம்சவள்ளி குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு நின்றாள். நகக்கண்ணில் கறுப்பு. வெந்நீர் அண்டாவின் அடிக்கரியைச் சுரண்டி, வேலம்பிசினில் குழைத்து, பழைய டூத்பிரஷால் பூசி, வளையலில் தொங்கும் ஊக்கால் கீறினால் நகம் வேறு எப்படி இருக்கும்? அவள் புருஷன் கந்தசாமி, குத்தகைக்குக் கரும்பு வைத்திருப்பவர், ஒரு தரம் கேட்டார். "இன்னா கை இது, கரி அள்ளினவ மாரி?" அண்டா தேய்த்தேன் என்றாள். பொய் இல்லை. அண்டா பளபளவென்று இருந்தது.

அதற்கப்புறம் ஒன்றிரண்டு நாளுக்கு ஒருத்தி வந்தாள். குடத்துக்குப் பதில் செங்கல்லை வைத்து இடம் பிடித்துவிட்டு, திரும்பி வந்து அது இரண்டு செங்கல் என்று சாதிக்கிறவள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, குடம் வழிந்து காலில் ஓடுவதும் தெரியாமல் பேசுகிறவள். ஒருத்தரையும் பார்த்து வரைந்ததில்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலையில் சொல்ல முடியாமல் போன பதில். மத்தியானத்தில் வந்த பதிலைச் சொல்ல அம்சவள்ளிக்கு நாற்பது வயதுக்கு மேல் ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

தெரு சும்மா இருக்குமா? யார் வரைவது என்று துப்புத் துலக்கினார்கள். சின்னப்பொண்ணு ஒரு கணக்குப் போட்டாள். "சுவத்துல யாரு இல்லையோ அவதான் வரையறா." சுவரில் அம்சவள்ளி இல்லை. அடுத்த மத்தியானமே போய்த் தன்னையும் வரைந்துவிட்டு வந்தாள். இடுப்பில் குடம், பாதி திறந்த வாய்; சொல்ல வந்தது தொண்டையில் நிற்கிற முகம். உள்ளதை உள்ளபடிதான் போட்டாள்.

மறுநாள் அது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. "இவ நம்ம தெருவே இல்ல போல" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள். பக்கத்தில் அவள் அதே குடத்தோடு, அதே வாயோடு நின்றுகொண்டிருந்தாள். தப்பித்தோம் என்று சந்தோஷப்பட வேண்டியவள், அன்றைக்குச் சோற்றில் உப்புப் போட மறந்தாள்.

மார்கழி பாதியில் மில்லிலிருந்து வெட்டு உத்தரவு வந்து, ஆட்கள் இறங்கி, இரண்டே நாளில் கரும்பு காலியானது. மோட்டார் ரூமின் பக்கவாட்டுச் சுவர் மேற்கே கல்வராயன் மலை வரைக்கும் திறந்து கிடந்தது. அங்கே நின்று ஓர் ஊக்கை எடுத்தால் பஸ்ஸில் போகிறவன் வரை பார்ப்பான். படம் நின்றது.

நின்ற பிறகுதான் ஊருக்கு அதன் அருமை தெரிந்தது. வார்டு மெம்பர் வெங்கடேசன் வந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "யாருப்பா இத செஞ்சது? கௌரவிக்கணும்" என்றார். பெயின்ட் டின்னும் பிரஷ்ஷுமாகத் தெருவில் இருப்பது ஒரே ஆள், பழனி. தியாகதுருகம் வரைக்கும் சுவரில் சிமென்ட்டு, வெண்டை விதை, கண் ஆஸ்பத்திரி எல்லாம் அவன் கைதான். "உன் வேலதான பழனி?" என்று மெம்பர் தோளில் தட்டினார். பழனி சிரித்தான். அவ்வளவுதான் அவன் செய்தது. அவனைக் குற்றம் சொல்ல முடியாது. தோளில் தட்டுகிறவரைப் பார்த்து யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். ஊர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டது. ஒரு வாரம் டீக்கடையில் அவன் காசை எடுத்தால் யாராவது கையைப் பிடித்துத் தடுத்தார்கள். அதற்கப்புறம் இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

காணும் பொங்கலன்று விழா என்று முடிவானது. கோலப்போட்டிப் பரிசோடு பழனிக்கும் ஒரு சால்வை. படங்களுக்குக் கீழே அவன் தன் பெயரை எனாமலில் எழுத வேண்டும். ஊர்க்கோயில் டியூப்லைட்டில்கூடக் கொடுத்தவர் பெயர் வெளிச்சத்தை மறைக்கும் ஊர் இது, பெயர் இல்லாத ஒரு சுவரை எத்தனை நாள் பொறுக்கும்? கூடவே மெம்பரையும் ஓர் ஓரத்தில் வரைந்துவிட வேண்டும். அது மெம்பரின் சொந்த ஆசை.

அம்சவள்ளி இதையும் பொறுத்திருப்பாள். வெளியே சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? ஒவ்வொரு படமும் கன்னத்தில் ஓர் அறை. அறை வாங்கினவர்களோடுதான் தினமும் வரிசையில் நிற்க வேண்டும். ஆனால் ஒரு காலை, பைப்படிக்கு வந்த பழனியிடம் ஜெயசுதா, வாய் திறந்து நிற்பவளைக் காட்டிக் கேட்டாள். "இது யாரு பழனி? கண்டே புடிக்க முடியல."

பழனி ஒரு நொடி பார்த்தான். "அதுவா? எங்க மாமியாரு" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். அம்சவள்ளியின் கையில் குடம் வழிந்து காலை நனைத்தது. பதில் பேசத் தெரியாதவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே வாய் அந்தச் சுவர். அதுவும் இப்போது பழனி மாமியாரின் வாய்.

அந்தச் சமயத்தில்தான் பொங்கல் லீவுக்கு வந்து சேர்ந்தாள் எதிர்வீட்டு செந்தமிழ்ச்செல்வி. பாண்டிச்சேரியில் தங்கி ஆராய்ச்சி செய்கிறாள். என்ன ஆராய்ச்சி என்று கேட்டால் அவள் அம்மாவே தலையில் அடித்துக்கொள்வாள். "ஒரு ஆளப் பத்தியாம். கிரேக்க நாடாம். பானைமேல படம் போட்டவனாம். பேரு தெரியாதாம். செத்து ரெண்டாயிரத்து ஐந்நூறு வருசம் ஆச்சாம். வர்ற மாப்பிள்ளைங்கள மட்டும் வேணாம்றா." ஆறு வருஷமாக முன்பின் தெரியாத ஆளோடு இருக்கிறாள் என்று தெருவில் ஒரு கேலி உண்டு.

அவள் மறுநாள் காலை பைப்படியில் பல்துலக்கிய வாயோடு சுவரைப் பார்த்தாள். பார்த்தவள் டவலைக் கீழே போட்டுவிட்டாள்.

"இன்னாடி, பேய்ய பாத்த மாரி நிக்கிற" என்றாள் சின்னப்பொண்ணு.

"இல்லக்கா, இத மாரிதான் அங்கயும். செவப்பு மண்ணு பானை. அதுமேல கருப்புல ஆளுங்க. ஊசி மாரி ஒன்னால கீறி கண்ணு, காது, முட்டி. பொம்பளைங்க தண்ணி புடிக்கிற மாரி பானை நெறைய உண்டு. தலையில குடத்த வெச்சிக்கினு, பேசிக்கினு, வரிசையா."

"அங்கயும் பைப்படி சண்டையா?"

"சண்டை எல்லாம் இல்ல. பொம்பளைங்களுக்கு மட்டும் மூஞ்சி கையெல்லாம் வெள்ளையா பூசிடுவாங்க."

"பவுடர்டி" என்றாள் ஜெயசுதா. "எந்த நாடா இருந்தா இன்னா, தண்ணிக்கி போனாலும் பவுடர்."

சிரிப்பு அடங்கினதும் செல்வி கேட்டாள். "யாரு வரைஞ்சது?"

"நம்ம பழனி."

பழனியும் அங்கேதான் இருந்தான். செல்வி அவனிடம் மரியாதையாகத்தான் கேட்டாள். "அண்ணா, காத எப்படிண்ணா போடுறீங்க?"

"காதா? அது பிரஷ் போற போக்குல வந்துரும்" என்றான் பழனி.

காது பிரஷ்ஷில் போட்டதல்ல, கீறினது. செல்வி சுவரில் இருந்த காதைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். அம்சவள்ளிதான் அவளைக் கேட்டாள். அபூர்வமாக அவளுக்கு வாய் நேரத்துக்கு வந்தது. "காதுல இன்னா கீது?"

"பானையச் செஞ்சவங்க சில பேரு 'இன்னார் செய்தது'ன்னு எழுதி வெச்சிடுவாங்க அக்கா. படம் போட்டவன் பேரு முக்கால்வாசி இருக்காது. எங்க ஆளும் அப்படித்தான். எந்த ஊர்ல எந்தப் பானை கெடச்சாலும் காத வெச்சிதான் அவன்னு சொல்றோம். மூஞ்ச எல்லாரும் யோசிச்சி போடுவாங்க, அடுத்தவனப் பாத்தும் போடுவாங்க. காத யோசிக்காம போட்டுருவாங்க. அங்க கை தானா வந்து நிக்கும்."

அம்சவள்ளி வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். அடுப்படிச் சுவரில் கரியைப் பூசி ஊக்கால் ஒரு காது போட்டாள். ஒரே இழுப்பு, உள்ளே ஒரு சுழி, கீழே ஒரு சின்னக் கொக்கி. துடைத்துவிட்டு வேறு மாதிரி போட வேண்டும் என்றே வைராக்கியமாகப் போட்டாள். அதுவேதான் வந்தது. இத்தனை வருஷமாகத் தன்னிடம் இப்படி ஒன்று இருப்பது அவளுக்கே தெரியாது. யாரிடமிருந்து வந்தது? யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டால் சொல்லவும் தெரியாது. அவளுக்கு முன்னாலேயே கை அதைத் தெரிந்து வைத்திருக்கிறது. சுவரைக் கழுவும்போது, கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்தாள். கண்டுபிடிக்காமலே போய்விடுவார்களோ என்றும் பயந்தாள். இரண்டில் எது ஜாஸ்தி என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

மாட்டுப் பொங்கலன்று எல்லா வாசலிலும் கோலத்தில் மாடுகள். அம்சவள்ளி வாசலில் ஒரு பசு, பக்கத்தில் பொங்கல் பானை. செல்வி பால் வாங்கப் போகிறவள் போல வந்து, நின்றுவிட்டாள். கோலத்துப் பசுவின் காதையே பார்த்தாள். அப்புறம் அம்சவள்ளியை.

"மாடு நல்லா இருக்குதுக்கா" என்றாள்.

"ம்."

"காது ரொம்ப நல்லா இருக்குது."

அம்சவள்ளி கோலமாவு டப்பாவை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள். "யார்கிட்டயாவது சொன்னியா?"

"நான் எதுக்கு சொல்லப்போறேன்? ஆனா நாளைக்கி அவரு எனாமல்ல பேர எழுதிட்டா அப்புறம் அதுதான் நிக்கும். உங்க கரி போனாலும் அது போவாது."

"உங்க ஆளு பேர் இல்லாமதான இருக்கான். அவனுக்கு இன்னா கொறஞ்சி போச்சி?"

செல்வி யோசித்தாள். "தெரியலக்கா. அவன் இப்ப வந்து நின்னான்னா நான் பேரக்கூட கேக்கமாட்டேன். யாரப் பாத்து சிரிச்சிக்கினு இதெல்லாம் போட்டன்னு கேப்பேன்."

"சிரிச்சிக்கினுதான் போட்டான்னு உனுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அம்சவள்ளி. "வயித்தெரிச்சல்ல போட்டிருந்தா?"

ஆறு வருஷத்தில் செல்விக்கு இது தோன்றியதில்லை போலும். பால் வாங்காமலே திரும்பிப் போனாள்.

காணும் பொங்கல். படம் இருக்கிற சுவர் முன்னால் ஷாமியானா, மைக், பரிசுக்குப் பிளாஸ்டிக் பேசின் அடுக்கு. பழனி புதுச்சட்டையில் வந்திருந்தான். முகம் மட்டும் பல் பிடுங்கப் போகிறவன் மாதிரி இருந்தது. மெம்பர் சுவருக்கு முன் பக்கவாட்டில் நின்று, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, "ஆரம்பி பழனி" என்றார்.

பழனி கறுப்பு எனாமலில் மெம்பரை இழுத்தான். எழுத்துக்குப் பழகின கை. வேட்டி நேராக வந்தது, தலை உருண்டையாக வந்தது. பார்ப்பதற்குப் பூசணிக்காய்க்கு வேட்டி கட்டினது போல இருந்தாலும், மெம்பர் என்பதால் கைதட்டினார்கள். அடுத்து ஓர் ஆணியை எடுத்துக் காதைக் கீறினான். கீறவில்லை, எழுதினான். அச்சாக மூன்றாம் நம்பர் மாதிரி ஒரு காது. "ஆச்சிங்க" என்று எனாமல் டின்னைப் பெயர் எழுதும் இடத்துக்கு நகர்த்தினான்.

அம்சவள்ளி கூட்டத்தின் நடுவில் இருந்தாள். வாயை மூடிக்கொண்டு போய்விடுவது என்று முந்தின ராத்திரியே முடிவு செய்திருந்தாள். பெயர் போனால் போகிறது என்று மனதைத் தேற்றியாகிவிட்டது. ஆனால் அந்தக் காது. தன்னுடைய பத்துப் பன்னிரண்டு காதுகளுக்குப் பக்கத்தில் அந்த மூன்றாம் நம்பர், இனி காலத்துக்கும். கந்தசாமி திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் பக்கத்தில் இல்லை. நேராகச் சுவரிடம் போய், டின்னிலிருந்து ஒரு விரலால் பெயின்ட்டை எடுத்து மூன்றாம் நம்பர் மேல் அப்பி, வளையல் ஊக்கைக் கழற்றி, ஒரே இழுப்பு, ஒரு சுழி, கீழே கொக்கி. அப்புறம் கண்ணுக்குக் கீழே ஒரு கோடு, வயிற்றை இழுத்துப் பிடித்திருக்கிற மூச்சுக்கு ஒரு கோடு. பூசணிக்காய் மெம்பர் ஆனார்.

மெம்பர் இழுத்துப் பிடித்திருந்த வயிற்றை விட்டார்.

"அக்கா" என்றான் பழனி மெதுவாக. "கும்புட்டுக் கேக்கறேன், இத முன்னாடியே பண்ணியிருக்கக் கூடாதா?" அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"ஓ" என்றாள் ஜெயசுதா. "நீதானா அது."

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் சுவரில் குடத்தைத் தள்ளுகிறவளை அவள் அப்போதுதான் முதல்முறை பார்ப்பது போலப் பார்த்தாள். அதுவரை அது தெருவின் சிரிப்பு. இப்போது கந்தசாமி பெண்டாட்டி தன்னைப் பார்த்துச் சொன்ன சொல். ஒவ்வொருத்தியும் தன் தன் படத்திடம் போய் நின்றாள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. மூக்குகளெல்லாம் ஒரே நிமிஷத்தில் பெரிசாகிவிட்டன.

மெம்பர் கையில் சால்வை. பொம்பளைக்குச் சால்வை போர்த்த ஊர் நாலு பேர் முன்னால் அவருக்குக் கை வரவில்லை. இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, கந்தசாமியை இழுத்து அவர் தோளில் போர்த்தினார்.

"எனுக்கு எதுக்குங்க?" என்றார் கந்தசாமி. அவருக்கு நிஜமாகவே ஒன்றும் புரியவில்லை. போட்டோ எடுத்தார்கள்.

"பேரு எழுதட்டுமாக்கா?" என்று பழனி கேட்டான்.

அம்சவள்ளி திரும்பித் தெருவைப் பார்த்தாள். எழுதினாலும் எழுதாவிட்டாலும் இனி இந்தச் சுவரில் பெயர் இருக்கத்தான் போகிறது, அவர்கள் முகத்திலேயே எழுதியிருக்கிறது. "எழுது" என்றாள். "அம்சவள்ளின்னு மட்டும் எழுது. வேற ஒன்னும் சேக்காத."

மறுநாள் காலைத் தண்ணிக்கு அவள் போனபோது வரிசை இருந்தது, பேச்சு இல்லை. அவள் நின்றதும் முன்னால் இருந்தவள் குடத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள், மரியாதையா எரிச்சலா என்று சொல்ல முடியாதபடி. யாரும் குடத்தை உதைக்கவில்லை, இரண்டு செங்கல் என்று யாரும் சாதிக்கவில்லை. அவள் கண் எதிரே எல்லோரும் போட்டோவுக்கு நிற்பது போல ஒழுங்காக நின்றார்கள். அம்சவள்ளிக்கு வெறுமையாக இருந்தது. இப்படியே போனால் மத்தியானத்தில் என்ன பதில் வரும்? எதற்கு வரும்?

செல்வி அன்று பாண்டிச்சேரிக்குத் திரும்புகிறாள். பையோடு பஸ்ஸுக்கு நின்றவள் சுவரைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள், பெயரை விட்டுவிட்டுக் காதுகளை மட்டும்.

குடம் நிறைந்து போகப்போன சின்னப்பொண்ணு திரும்பி வந்தாள். குடத்தை நங்கென்று வைத்தாள்.

"அத்தினி பேர வரைஞ்சியே, என்னை மட்டும் ஏன் வரையல? நான் இன்னா கண்ணுக்குத் தெரியாத ஆளா?"

கேட்டது சண்டைக்குத்தான். ஆனால் வரிசை முழுக்கத் திரும்பியது. அம்சவள்ளி நினைத்துப் பார்த்தாள். உண்மைதான், சின்னப்பொண்ணு அவளை ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. சொன்னால்தானே பதில்?

"வரையட்டுமா?" என்றாள்.

"வரை. ஆனா ரெண்டு வட செயினு போடணும். மூக்கு சின்னதா இருக்கணும். காது பெருசா வேணாம்."

"செயினு கெடையாது" என்றாள் அம்சவள்ளி. வெட்டின கரும்புக் காட்டின் வெயில் முழுக்கச் சுவர்மேல் இருந்தது. மறைய இடமே இல்லை. "காத பத்தி நீ பேசாத. மூணாவது எடத்துல எப்படி நிப்பியோ, அப்படியே போய் நில்லு."

சின்னப்பொண்ணு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, வயிற்றை உள்ளே இழுத்து, நின்றாள்.

"அடேயப்பா" என்று வரிசையின் நடுவிலிருந்து ஜெயசுதா குரல் வந்தது. "அவ இடுப்பப் பாருங்கடி, காலைலேர்ந்து எங்க வெச்சிருந்தான்னு தெரியல."